பொட்டு இல்லைன்னா பாக்கி

வெள்ளைக் கோழியின் காலில் சிவப்புப் பொட்டு இருந்தது. அதை மெக்கானிக் வைக்கவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தவர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். நகத்துக்குச் சற்று மேலே ஒரே ஒரு பொட்டு, நன்றாகக் காய்ந்திருந்தது. கறுப்பிக்கும் இருந்தது. மொட்டைக்கும் இருந்தது. எல்லாக் கோழிக்கும் இருந்தது. கோழி என்றால் ஆளைக் கண்டதும் கத்த வேண்டாமா? ஒன்றும் கத்தாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இறுக்கி முடித்த போல்ட்டுக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அடுத்து வருகிறவன் அதையே மறுபடி முறுக்கித் தொலைக்கக் கூடாது அல்லவா? மனுஷர் அந்த வழக்கத்தை வீட்டுக்கும் இழுத்துவந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி கழுவினால் பொட்டு, மின்விசிறிக்கு எண்ணெய் போட்டால் பொட்டு. "பொட்டு இருந்தா முடிஞ்சது, பொட்டு இல்லைன்னா பாக்கி" என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

கோழிகள் அவர் மனைவியுடையவை. பயிற்சி வகுப்புக்காக வெளியூர் கிளம்பும்போது, கழுத்தில் இறகு உதிர்ந்து மெலிந்திருந்த மொட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மூக்குப் பிடிக்கத் தின்னுது, உடம்புல ஒட்டலை. வயித்துல பூச்சிதாங்க. எல்லாத்துக்கும் மருந்து குடுங்க. நான் வர்றப்ப மொட்டை உயிரோட இருக்கணும். இல்லைன்னா உங்களோட பேச்சே கிடையாது."

சொன்னால் செய்கிறவள். முன்பு மீன் தொட்டி விஷயத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை.

சமையலுக்குத் தன் அம்மாவை வரவழைத்துவிட்டுப் போனாள். மாமியாரைப் போல மரியாதை தெரிந்த ஜீவனைப் பார்க்க முடியாது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, கதவிடம்தான் பேசுவார். மாப்பிள்ளையின் அறைக்குள் காலடி வைத்ததில்லை. அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

முந்தின நாள் முழுக்க மெக்கானிக் மருந்தோடு மல்லுக்கட்டினார். தண்ணீரில் கலந்தார். கோழிகள் ஒரு வாய் குடித்துத் தலையைச் சிலுப்பிவிட்டு நகர்ந்தன. தீனியில் பிசைந்து வைத்தார். காக்கைகள் தின்றுவிட்டுப் போயின. துளிக்குழாயால் வாயில் விடப் பார்த்தார். பாதி மருந்து அவர் மீசைக்குத்தான் போனது.

"பகல்ல துரத்தாதீங்க. பொழுது சாஞ்சு அடைஞ்சதும் பிடிங்க, பஞ்சு மாதிரி கைக்கு வரும்" என்றார் கால்நடை மருந்துக் கடைக்காரர்.

பொழுது சாயும் நேரம் பார்த்து எங்கோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. போய்த் திரும்பிவந்து படுத்தவர்தான். விடிந்தால், கொடுக்காத மருந்துக்குப் பொட்டு.

சாப்பிட உட்கார்ந்தபோது கதவு பேசியது.

"ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா, மாப்பிள்ளை?"

"என்ன சத்தம், அத்தை?"

"நறநறன்னு. எலும்பை அரைக்கிற மாதிரி."

"எங்க இருந்து?"

கதவு கொஞ்சம் யோசித்தது. "உங்க ரூம் பக்கத்துல இருந்துதான்."

அவர் அறை ஜன்னலுக்கு வெளியேதான் கூண்டு. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பூச்சிக்கு அப்படிச் சத்தம் வருமா தெரியலையே. நல்லாத் தின்னும், ஆனா மெலியும், எந்நேரமும் தூங்கி வழியும், இதான் அறிகுறின்னாரு கடைக்காரர்" என்று கொட்டாவியோடு சொல்லிக்கொண்டே நாலாவது தடவையாகச் சோற்றைப் போட்டுக்கொண்டார். அப்படித் தின்றும் ஆள் ஒட்டடைக் குச்சிதான். "முட்டை வைக்கலையா அத்தை?"

"கொஞ்ச நாளைக்கு முட்டை வேண்டாம், மாப்பிள்ளை" என்றது கதவு.

மறுநாள் வெள்ளைக் கோழி செத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பூச்சி ஏகப்பட்டது இருந்தா, மருந்து போனதும் மொத்தமாச் செத்துக் குடலை அடைச்சிடும். பாவம், அதுக்கு லேட்டாக் குடுத்துட்டீங்க."

"நான் மருந்தே குடுக்கலைங்க."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் என்னத்தைச் சொல்ல? மத்ததையாவது காப்பாத்துங்க. ஈரக் குப்பையை வாரிக் கொட்டுங்க. கூண்டை வெயில் படுற இடத்துக்கு மாத்துங்க. தீனித் தட்டு எச்சம் படாத உயரத்துல தொங்கட்டும்."

மெக்கானிக் சொன்னதையெல்லாம் செய்தார். குப்பையை வாரினார், தட்டைத் தொங்கவிட்டார், கூண்டைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துப்போனார். கூடவே சொல்லாத ஒன்றையும் செய்தார். பெயிண்ட் அழிக்கும் தின்னரைத் துணியில் நனைத்து, ஒவ்வொரு கோழிக் காலிலும் பொட்டைத் துடைத்தார். பொட்டு விழுந்த கோழி செத்தது. பொட்டு போனால் உயிர் தங்கும். பயந்தவனுக்கு இது நல்ல கணக்காகத்தான் படும்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். பொட்டு திரும்ப வந்திருந்தது. கோழிகள் சோர்ந்துபோய் நீராகக் கழிந்துகொண்டிருந்தன.

"சத்தம் போகலையே, மாப்பிள்ளை" என்றது கதவு. "அதே இடத்துல இருந்துதான் வருது."

கூண்டு அங்கே, சத்தம் இங்கே. மெக்கானிக் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பெயிண்ட் டப்பாவின் மூடி சரியாக மூடப்படவில்லை. அதைத் தொடுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அப்படியென்றால் தூக்கத்தில் எழுந்து நடப்பது தானேதானா?

அன்று சாயங்காலம் டீ கசந்தது. படுக்கும்போது இடது காலைக் கட்டிலோடு கயிற்றால் கட்டிக்கொண்டார். கட்டில் குட்டை, ஆள் நெட்டை. அந்தச் சின்ன அறையில் இரண்டு காலும் எப்போதும் வாசல்படியைத் தாண்டிக் கூடத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

காலையில் கயிற்றில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. வலது கால் பெருவிரலில் சிவப்புப் பொட்டு இருந்தது.

உடனே துணியை எடுத்தார். தோல் எரிய எரியத் தின்னரால் தேய்த்தார். அன்று பகல் பூராவும் வயிறு கடமுடவென்று புரண்டது. வெள்ளைக் கோழியும் இப்படித்தானே உப்பிச் செத்தது? சாயங்கால டீ இன்னும் கசந்தது. சாகப்போகிறவனுக்கு வாய் கசக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அதற்கடுத்த விடியலில் அதே விரலில் அதே பொட்டு. மறுபடி தேய்த்தார். தேய்க்கும்போதே அழுகை வந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"மொட்டை எப்படிங்க இருக்கு?" என்பதுதான் அவள் முதல் கேள்வி.

"தேறிடும்போல. இன்னிக்கு எழுந்து மேயுது. நான்தான்... பீரோ சாவி மேல் தட்டுல இருக்கு. வெச்சுக்கோ."

"எங்க போறீங்க?"

"மேல."

"எத்தனாவது மாடி?"

அவர் போனை வைத்துவிட்டார். அவள்மேல் வைத்திருந்த பிரியத்தை ஒரு தடவையாவது நேரில் சொல்லியிருக்கலாம்.

கதவிடுக்கில் ஒரு கை டீயை நீட்டியது. கசந்தது. கடைசி டீ என்று சொட்டு விடாமல் குடித்தார். சாகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுச் சாக வேண்டும். பக்கத்தில் இருந்தது கதவுதான்.

"அத்தை, எனக்குப் பொட்டு விழுந்திருச்சு. கால்ல."

கதவு லேசாக அசைந்தது.

"கோழிக்கு விழுந்ததைத் துடைச்சேன். மறுநாளே வந்துச்சு. என் கால்ல விழுந்ததையும் ரெண்டு தடவை துடைச்சிட்டேன். என்னவோ என்னை விடமாட்டேங்குது, அத்தை."

கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. மாமியார் வெளியே வந்தார். முதன்முதலாக மாப்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"துடைச்சது நீங்களா?"

"ஆமாம் அத்தை."

"கோழிக்கு உங்களால முடியலைன்னு சாயங்காலம் நான் குடுத்தேன், மாப்பிள்ளை. அதைச் சொன்னா உங்களுக்குக் குறைச்சலா இருக்குமேன்னு சொல்லலை. நீங்க வேற தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. வயித்துல பூச்சின்னு மாப்பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது? மனுஷங்களுக்கு உள்ள மருந்தா வாங்கி டீயில ஊத்தினேன். மக வந்து மறுபடி குடுத்துடக் கூடாதேன்னு அடையாளமும் வெச்சேன்."

மெக்கானிக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு மெல்ல உறும ஆரம்பித்தது.

மாமியார் தலைகுனிந்து மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பொட்டு இல்லைன்னா பாக்கின்னு நீங்கதானே சொல்வீங்க, மாப்பிள்ளை... இப்பக் குடிச்சீங்களே, அது மூணாவது."