எஞ்சின் இல்லாமல் காசிக்குப் புறப்பட்டது

வரைபடத்தின் மேல் விரலை வைத்துப் போகிற பயணத்தைப் போலச் சுகமானது வேறு எதுவும் இல்லை. ஆற்றுக்குப் பாலம் வேண்டாம், காட்டுக்குப் பாதை வேண்டாம். விரல் வலித்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபடி கிளம்பலாம். இருபத்தாறு வயதில் நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாததால்தான், சுயமரியாதை உள்ளவன் எதை மறைப்பானோ அதை இப்போது உட்கார்ந்து விலாவாரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை. தென்காசியில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல், ஒரு பழைய வீடு, அந்த வீட்டை ஆளுவதற்கு என் அப்பாவின் தமக்கை பேச்சி அத்தை. (அப்பா இருந்தவரைக்கும் அவரையும் சேர்த்து ஆண்டாள்.) நான் வயல் பக்கம் போவதில்லை. எனக்கு யோசனைகள் உண்டு. முதல் யோசனை தேனீ வளர்ப்பு. தேனீக்கள் ஒரே வாரத்தில் பெட்டியைக் காலி செய்துவிட்டு மலைக்கே திரும்பிவிட்டன. இரண்டாவது சோடாக் கம்பெனி. பாட்டில்கள் வெடித்த வெடியில் எதிர்வீட்டுப் பசு கறவையை நிறுத்திக்கொண்டது.

என் மாமனார் வீரகேரளம்புதூரிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று சொன்னார்: “மாப்ளே, ரெண்டு ஆயிப்போச்சு. மூணாவதும் கவுந்துதுன்னா நான் பாட்டுக்கு எம் புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு வந்து வாசல்ல நிக்கப்பிடாது.”

மாமனார் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். என் யோசனைகளைச் சிரிக்காமல் கேட்கிற ஒரே ஆத்மா அவள்தான். அவள் இல்லாத வீட்டில் யோசனைகளை நான் சுவரிடம்தான் சொல்ல வேண்டும். புத்தியுள்ளவன் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருப்பான். நான் மூன்றாவது யோசனைக்குப் போனேன்.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன லாரி ஒன்று செங்கோட்டைப் பக்கம் புளியமரத்தடியில் கிடந்தது. என் கண்ணுக்கு அது லாரியாகவே தெரியவில்லை. சாலை முடிகிற இடத்துக்கு அப்பாலும் போகிற வீடாகத் தெரிந்தது. சக்கரம் புதையும் கரிசல், பாலமில்லாத ஆறுகள், பேர் தெரியாத காடுகள், எல்லாம் தாண்டிக் காசி. அங்கிருந்து இன்னும் வடக்கே, பனி தெரிகிற இடம் வரைக்கும். ஒரு தடவை போய்வந்துவிட்டால் வருஷாவருஷம் யாத்திரைக்காரர்களைக் கூட்டிப் போவதையே தொழிலாக்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது மாமனார் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். காசி என்ற சொல்லுக்கு அவர் உருகுவார்.

“கங்கத் தண்ணியோட திரும்பி வாரும். நான் வாயத் தொறக்கல” என்றார்.

எட்டு மாதம் வேலை நடந்தது. பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்த மைதீன் அண்ணாச்சி இரும்புக்குப் பொறுப்பு. மாட்டுவண்டி செய்கிற ஆசாரி ஒருவர் மரத்துக்குப் பொறுப்பு. கனவுக்கு நான். வேங்கைச் சட்டம் போட்டு, வில்வண்டிக் கூண்டு போல மூங்கிலை வளைத்து, மேலே தார் பூசிய கித்தான் இரண்டு அடுக்கு. உள்ளே இரண்டு பலகைகளை இறக்கினால் கட்டில், ஏற்றினால் பெஞ்சு. தரைக்கடியில் தண்ணீருக்குச் செம்புத் தொட்டி. பக்கவாட்டில் பெட்ரோல் டின்கள் வரிசையாக நிற்கச் சட்டம். மேடுபள்ளத்துக்குத் தாங்க வில்பட்டைகள் கூடுதலாக நாலு. எல்லாவற்றிலும் எனக்குப் பெருமையான அம்சம், முன்னால் பொருத்திய கமலை உருளை. மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அதே உருளையும் வடமும்தான். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் வடத்தை எதிரில் உள்ள மரத்தில் கட்டி உருளையைச் சுற்றினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். (எங்கள் வயலில் அந்த வருஷம் தண்ணீர் எப்படி இறைத்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.) மலைச் சரிவில் வண்டி பின்னால் உருளாமலிருக்க, தேருக்குப் போடுவது போல நாலு முட்டுக்கட்டைகளும் செய்து வைத்தேன்.

மைதீன் அண்ணாச்சி கட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, நாம செய்யுதது லாரியா, தேரா?”

“ரெண்டும்தான் அண்ணாச்சி.”

“அப்ப வடம் புடிக்க ஊர்க்காரவியளையும் ஏத்திக்கிடும்.”

ஊர்க்காரர்கள் ஏறவில்லை. அவர்கள் செம்புகள் ஏறின. கங்கைத் தண்ணீர் கொண்டுவர ஆளுக்கொரு செம்பு, ஒவ்வொன்றிலும் மறக்காமல் பேர் வெட்டியிருந்தார்கள். மாமனார் செம்பையும் சேர்த்துக் கூண்டின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தொங்கவிட்டேன். அத்தை தன் பங்குக்கு அம்மியும் குழவியும் ஏற்றினாள்.

பஞ்சாங்கம் பார்த்து ஆனி மாதத்துக் கடைசி புதன்கிழமை காலையில் நல்ல நேரம் குறித்தாயிற்று. அதை விட்டால் ஆடி. ஆடியில் யாரும் யாத்திரை தொடங்குவதில்லை. புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்னால், “கடைசியா ஒரு தடவ பாத்துருவோம்” என்று மைதீன் அண்ணாச்சி எஞ்சினைக் கழற்றினார். பார்த்தார். அதில் ஒரு கீறல் இருந்தது.

“மதுரைக்கு ரயில்ல அனுப்பிப் பத்தவச்சாத்தான் உண்டு. நாலே நாளு தம்பி.”

நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அத்தைதான் வழி சொன்னாள். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்துக்குத் தங்கள் மூட்டையையோ செருப்பையோ கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைப்பார்கள். பரஸ்தானம் என்று பேர். வைத்துவிட்டால் புறப்பட்டதாகவே கணக்கு. அத்தை செருப்போடு நிற்கவில்லை.

“ஏலே, வண்டியே போவட்டும். நீங்க ரெண்டு பேரும் உள்ள ஏறி உக்காருங்க. குத்தாலத்துல நம்ம தோப்புல கொண்டு நிறுத்துங்க. எஞ்சின் பொறவால வந்து சேரட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். புறப்பட்ட காலு யாத்திரை முடியாம வீட்டு வாசப்படிய மிதிக்கப்பிடாது. மிதிச்சா அந்த வீட்டுக்கே ஆகாது.”

புதன்கிழமை காலையில் தெருவே கூடிவிட்டது. மாமனார் எனக்கும் கோமதிக்கும் ரோஜா மாலை போட்டார். வண்டியின் முன்னால் நாலு எருதுகள் பூட்டி நிற்பதைப் பார்த்து, “மாடு எதுக்கு?” என்று கேட்டார்.

“ஊர் எல்லை வரைக்கும் மாடு பூட்டி இழுக்கது சாத்திரம்லா” என்றாள் அத்தை, கண் இமைக்காமல்.

மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் காசிக்குப் புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டி மூன்று மைல் போய், ஐந்தருவிப் பாதையில் எங்கள் மாந்தோப்பில் நின்றோம். எருதுகள் வீட்டுக்குத் திரும்பின. எங்களுக்குத்தான் அந்த உரிமை இல்லை.

நாலு நாள் பத்து நாளாயிற்று, பத்து இருபதாயிற்று. மதுரையிலிருந்து எஞ்சினும் வரவில்லை, தகவலும் வரவில்லை. வெட்கத்தில் நான் செத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு லேசாகிவிடுகிறது. அப்படி ஒரு சீசன் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. விடியும்போதே மலையிலிருந்து மேகம் இறங்கித் தோப்புக்குள் வந்துவிடும். நாலடிக்கு அப்பால் மரம் தெரியாது. கித்தானில் சாரல் விழுகிற சத்தம், எங்கேயோ அருவி விழுகிற சத்தம், மாங்கிளையில் நனைந்த மந்திகள். காலும் கையும் மரத்துப்போய், மனசு மட்டும் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்.

கோமதி காப்பியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவாள்.

“இன்னைக்கு எங்கன இருக்கோம்?”

நான் அட்லஸைப் பிரித்து, நாளைக்கு அறுபது மைல் என்று கணக்குப் போட்டு விரலை வைப்பேன். “கிருஷ்ணா நதிக்கரை.”

“தண்ணி நெறையப் போகுதோ?”

“சத்தம் கேக்கலியா? முட்டளவுதான். எறங்கிக் கடந்துருவோம்.”

நான் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புவேன். அவள் பயந்தவள் போல என் கையைப் பிடித்துக்கொள்வாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மூட்டம் எங்களைத் தாண்டிப் பின்னால் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டிதான் ஓடுகிறது என்று தோன்றிவிடும். அப்படியே ஆற்றைக் கடந்தோம். விந்திய மலைக் காட்டில் இரண்டு நாள் தங்கினோம். ஒரு சாயங்காலம் மழை விட்டு, மலையுச்சியில் வெண்மேகம் படிந்து வெயிலில் பளீரென்று தெரிந்தது. “பனியா?” என்று கேட்டாள். “பனிதான்” என்றேன். அது மேகம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். என் ஆயுளில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை.

நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, திருநெல்வேலிச் சீமை முழுவதும் சாரலுக்குக் குற்றாலம் வந்துகொண்டிருந்தது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி பாதியில் ஒரு நாள் காலை. கோமதி அருவிக்குக் குளிக்கப் போயிருந்தாள். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஓடாத வண்டியின் வில்பட்டைக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் ஓடிவந்து வண்டியோரம் ஒதுங்கினார்கள். எனக்கு நாலு பாதங்கள்தான் தெரிந்தன. குரல் கேட்டதும் ஆள் தெரிந்துவிட்டது. மாமனார்!

“இதப் பாரும்வே. எம் மாப்பிள்ளையும் இதே சாடையில ஒண்ணு கட்டியிருக்காரு. அது இதவிட ரெண்டு மடங்கு பெருசு.”

“இப்ப எங்கன இருப்பாவ அண்ணாச்சி?” என்றார் கூட வந்த ஊர்க்காரர்.

“நர்மதையத் தாண்டியிருப்பாவ. லேசுப்பட்ட ஆளு இல்லவே அவரு. நாந்தான் சரியா எடை போடல.”

மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கியிருந்தேன். அது கடைசியில் வந்தபோது நான் சேற்றில் கிடந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. (கிரீஸ் பட்டுவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.) மழை விட்டால் போய்விடுவார்கள் என்று இருக்கிற தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன்.

“என்னவே இது? எம் பேரு வெட்டுன செம்பு இங்கன தொங்குது!” என்றார் மாமனார்.

நாலு பாதங்களும் அசையாமல் நின்றன. பிறகு இரண்டு மட்டும் வண்டியின் முன்பக்கம் நடந்தன. பானெட்டைத் தூக்குகிற சத்தம் கேட்டது. எஞ்சின் இருக்கவேண்டிய இடம் வண்டியிலேயே மழை படாத இடம் என்பதால் கோமதி அதைச் சமையல் சாமான் வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே காய்ந்த விறகு, உப்புச் சாடி, மூடி போட்ட ஒரு குழம்புச் சட்டி.

சரியாக அந்த நேரத்தில் கோமதி ஈரத்தலையோடு வந்து சேர்ந்தாள்.

“ஏட்டி, எஞ்சின் எங்க?”

“மதுரையில இருக்குப்பா.”

“அப்ப இது?”

“புளிக்கொழம்பு. காலையில வச்சது.”

இனி ஒளிந்து பயனில்லை என்று நான் கால் முன்னால் வர ஊர்ந்து வெளியே வந்து, “வாங்க மாமா” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முகம் சிவந்து போயிருந்தது.

“துணிமணிய எடுட்டி. கெளம்பு. நான் அன்னைக்கே சொன்னேன்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மூன்றாவதும் கவிழ்ந்துவிட்டது, கோமதி போகப்போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கோமதி அவசரப்படாமல் தலையைத் துவட்டினாள்.

“எப்படிப்பா வர முடியும்? நான் யாத்திரை புறப்பட்டவ. நீங்கதான மாலை போட்டு அனுப்புனிய? காசிக்குப் போயிட்டு வராம எந்த வீட்டு வாசப்படியையும் நான் மிதிக்கப்பிடாது. மிதிச்சா உங்க வீட்டுக்குல்லா ஆகாது?”

மாமனார் சாத்திரத்தை மீறுகிற மனிதர் இல்லை.

“புள்ள சொல்லுதது ஞாயந்தான அண்ணாச்சி” என்றார் ஊர்க்காரர்.

“அப்ப எப்பட்டி வருவ?”

“காசிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே வந்துருதேம்பா.”

அவள் சொன்ன சொல்லில் பொய்யே இல்லாதது போலிருந்தது. மாமனார் படிப்பலகையில் உட்கார்ந்து ஈரத் துண்டைப் பிழிந்தார். பிறகு, “சோறு இருக்கா?” என்று கேட்டார். இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது ஊர்க்காரரிடம், “ஊர்ல கேட்டா நர்மதைன்னே சொல்லும்” என்றார்.

எஞ்சின் புரட்டாசியில் வந்தது. வண்டியில் பொருத்தினால் இருமியது, வயலில் இறக்கிப் பம்புக்கு மாட்டினால் கணகணவென்று ஓடியது. அதை மேய்ப்பதற்காக நான் தினமும் வயலுக்குப் போகத் தொடங்கினேன், இன்றுவரை போகிறேன். வாசல்படிச் சிக்கலையும் அத்தையே தீர்த்தாள். “முன்வாசல்தானே ஆகாது? புறவாசல் வழியா வாங்கலே.” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நானும் கோமதியும் மாட்டுத்தொழுவம் வழியாகத்தான் நுழைகிறோம். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமானபோது சம்பந்திகளை வரவேற்கக்கூட அப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்தோம்.

மாமனார் வரும்போதெல்லாம் “காசிக்கு எப்ப?” என்று கேட்பார். “கெளம்பிக்கிட்டே இருக்கோம் மாமா” என்பேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் மகன், அறுபது தாண்டிய எங்களுக்கென்று காசிக்கு இரண்டு ரயில் டிக்கெட் வாங்கிவந்து நீட்டினான். கோமதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தாள்.

“வேண்டாம்யா. போயிட்டு வந்துட்டா எங்கப்பா வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

வீடே சிரித்தது. நானும் வற்புறுத்தவில்லை. எதற்கு வம்பு?