படகுக்கு நான் சொன்ன காரணம்

என் மனைவி ரொம்ப நல்லவள். இதை முப்பது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது?

யார் எதற்குக் கூப்பிட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "எனக்கு ஆசைதான். ஆனா வீட்டுல ஒத்துக்க மாட்டா." நண்பர்கள் மலையேறக் கூப்பிட்டார்கள், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் சங்கச் செயலாளராக நிற்கச் சொன்னார்கள், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்டதே கிடையாது என்பது வேறு விஷயம். எல்லோரும் என்னைப் பார்த்து "பாவம்" என்றார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அப்படிப்பட்டவனிடம்தான் அடுத்த வீட்டு கேப்டன் வந்தார். ஆயுசெல்லாம் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கொல்லையில் பழைய மரப்படகு ஒன்று பத்து வருடமாகக் குப்புறப் படுத்திருந்தது. "நான் ரிடையர் ஆகட்டும் கேப்டன், ரெண்டு பேருமா அதைச் சரி பண்ணி ஆத்துல விட்டுடுவோம்" என்று வாரம் தவறாமல் வாய்ச்சவடால் அடித்தவன் நான்தான். இப்போது நான் ரிடையராகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

"என்னப்பா, ஆரம்பிச்சுடலாமா? பழைய பெயின்ட்டைச் சுரண்டணும். பலகை இடுக்குல பஞ்சைத் திணிச்சுத் தார் பூசணும். எனக்குக் கை நடுங்குது, தனியா முடியாது. நீ வரலைன்னா விறகுக்குக் குடுத்துடறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் கேப்டன்."

மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. ஆனால் நான் ஆணி அடித்தால் பாதி அடி விரலில்தான் விழும். அது கேப்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சம். நான்காம் நாள் மதில் ஓரம் போய் நின்றேன்.

"எனக்கு ஆசைதான் கேப்டன். ஆனா வீட்டுல ஒத்துக்க மாட்டா."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "சரிப்பா. வீடுதானே முக்கியம்" என்று திரும்பி நடந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காய்கறி வாங்கப் போன மனைவி, பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"கேப்டனைக் கடையில பார்த்தேன். 'ஏம்மா, என் படகு மேல உனக்கு என்ன கோபம்?'னு கேக்கறாரு. எந்தப் படகுங்க?"

கேப்டனிடம் அவள் பெயரைச் சொல்லித் தப்பித்ததை ஒப்புக்கொண்டேன்.

"இன்னும் எதுக்கெல்லாம் நான் ஒத்துக்கலை?"

"அது வந்து... மலையேற..."

"அப்புறம்?"

"சங்கத்துல..."

"உங்க தங்கச்சி ரெண்டு வருஷமா என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லையே, அது எதுக்கு?"

"அவ வீட்டுல ரிப்பேர் நடந்தப்போ, ஒரு மாசம் இங்க தங்கிக்கட்டுமான்னு கேட்டா..."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"சரி. படகுக்கு நான் ஒத்துக்கிட்டேன்" என்றாள்.

என்னைத்தான் அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை என் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

"அப்போ நான்?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? சமையலைப் பாருங்க."

நான்கு மாதம் சமையலைப் பார்த்தேன். என் தங்கையிடம் அவள் போனில் என்ன பேசினாளோ, மூன்றாம் வாரமே தங்கையும் பிரஷ்ஷோடு வந்து இறங்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் தலையை நீட்டினேன்.

"நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?"

"பெயின்ட் காயுதுண்ணா, தொட்டுடாதே!" என்றாள் தங்கை.

வெள்ளோட்டத்துக்கு நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். படகு புத்தம்புது நீலத்தில் மிதந்தது. நான்கு பேர் உட்காரலாம். கேப்டன், மனைவி, தங்கை ஏறியாயிற்று. ஓர் இடம் காலி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒரு காலைத் தூக்கினேன்.

கேப்டன் என் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துடுப்பால் கரையை மெல்லத் தள்ளினார்.

"எனக்கு ஆசைதான்பா. ஆனா உன் வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."