அஜந்தினி வெளிக்கிட்ட காதை

வாழ்க, இக்காஸ்ட் மாநகரின் இணையிலாச் செல்வி! வாழ்க, ஒரு மூச்சில் சொல்லி முடியாத ஜேர்மன் சொற்களை ஒரு மிடறு தேநீரோடு விழுங்கிச் செரித்த வீராங்கனை! ஜேர்மனியில் பிறந்து, அம்மொழியிலேயே எழுத்தறிந்து, சுபாங்கனைக் கைப்பிடித்து டென்மார்க்கின் இந்த இக்காஸ்டுக்குப் புகுந்து, பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் தொண்டாற்றி, மாலையெல்லாம் மடிக்கணினியின் முன் தவமிருந்து, பயன்பாட்டு உளவியல் முதுகலை என்னும் பெருமலையைத் தொலைக்கல்வி வழியே ஜேர்மன் மொழியில் ஏறிக்கொண்டிருக்கும் அஜந்தினியே, உன் புகழ் பாட எமக்கு ஒரு நாக்குத்தான் இருக்கிறது. அதுவும் இந்தக் குளிரில் விறைத்துப்போய்க் கிடக்கிறது.

எதிரே நின்றவள் மட்டும் இளைத்தவளா? பரமேஸ்வரி மாமி, சுபாங்கனுடைய தகப்பனின் தமக்கை. ஆடைத் தொழிற்சாலையின் இயந்திர இரைச்சலைத் தன் குரலொன்றாலேயே அடக்கி ஆண்டு, ஓய்வு பெற்றும் அக்குரலுக்கு ஓய்வு கொடாத வெண்கல நாவினாள். விருந்தினரை வாசலடியில் நிறுத்திவைத்து வழியனுப்பும் கலையில் தோல்வியென்ற சொல்லையே கேட்டறியாதவள். மற்றபடி நல்ல மனுசி.

அன்று நான்கு மணிக்கு அஜந்தினிக்கு வாய்மொழித் தேர்வு. இணையத்தின் வழியே பேராசிரியை தோன்றிக் கேள்வி கேட்பார். ஆலோசனைக்கு வந்தவரோடு நடத்தும் உரையாடலை உரிய நேரத்தில் நயமாக முடிப்பது எப்படி என்பதே பாடம். இதில் ஏற்கனவே ஒரு முறை தவறியிருந்தாள். மீண்டும் தவறினால் ஒரு முழு ஆண்டு தண்ணீரில் போகும். அதற்குள் இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நம்பி அவள் மாமி வீட்டு மணியை அழுத்தினாள். படித்தவர்களுக்கும் இப்படியான நம்பிக்கைகள் வருவதுண்டு.

தேநீர் அருந்தப்பட்டது. சீனி அரியதரம் என்னும் பலகாரம் உண்ணப்பட்டது. கோபுரம் எழுவதுபோல் நாயகி எழுந்து, சப்பாத்து மாட்டி, லேஸ் கட்டி, கழுத்துவரை ஜக்கெற்றை இழுத்துப் பூட்டி, “அப்ப நான் போட்டு வாறன் மாமி” என்று முழங்கினாள். “ஓம் பிள்ளை, போட்டு வா” என்று விடை கொடுத்த மாமி, அதே மூச்சில் தன் முழங்கால் நோவின் ஆதி வரலாற்றைத் தொடங்கினாள். போர் மூண்டது.

நாயகி தன் அம்பறாத்தூணியிலிருந்து முதற்கணையை உருவினாள். சுருக்கிக் கூறல் என்பது அதன் பெயர். எதிரில் இருப்பவர் சொன்னதைத் திரட்டி இரண்டு வரியில் திருப்பிச் சொன்னால் உரையாடல் தானே அடங்கும் என்பது நூலோர் துணிபு. “மாமி, முழங்கால் படியேறேக்கைதான் கூட நோகுது, டொக்டர் நடக்கச் சொல்லுறார், உங்களுக்கு அது எரிச்சலாக் கிடக்கு, அப்பிடித்தானே?” என்றாள். மாமியின் முகம் தேர்த்திருவிழாவாய் மலர்ந்தது. “ஐயோ பிள்ளை, உன்னை மாதிரி ஒருத்தரும் நான் சொல்லுறதைக் கேக்கிறேல்லை!” என்று கண்கலங்கி, முழங்காலை விட்டு இடுப்புக்கு ஏறினாள். நூலோர் எவரும் இக்காஸ்ட் பக்கம் வந்ததில்லை.

இரண்டாங்கணை மௌனம். பதில் சொல்லாது, தலையசைக்காது, கடலாழம் காட்டி நின்றாள் அஜந்தினி. மாமி பதறினாள். “என்ன பிள்ளை முகம் வாடிக் கிடக்கு? சுபாங்கன் ஏதும் சொன்னவனே?” இல்லையென்று மெய்ப்பிக்கவே ஒரு காண்டம் சென்றது. ஹீற்றர் அனல் கக்க, பனிக்காலத்து ஜக்கெற்றுக்குள் நாயகி அவிந்துகொண்டிருந்தாள்.

இறுதியில் உண்மை என்னும் பிரம்மாஸ்திரத்தை விடுத்தாள். “மாமி, எனக்கு நாலு மணிக்குச் சோதினை!”

“சோதினையோ? திருநீறு பூசாமல் போறதோ? கழட்டு சப்பாத்தை!”

சப்பாத்து கழன்றது. சாமியறை புகுந்து, நெற்றி வெளுத்து, திரும்பி வந்து லேஸைத் தொடும்போது கைப்பேசி அலறியது. நேரமாகிவிட்டது, வீடு எட்டாது. தொங்கும் ஜக்கெற்றுகளின் நிழலில், சப்பாத்து அலுமாரியே அரியணையாக அமர்ந்து, கைப்பேசியிலேயே தேர்வுக்குள் புகுந்து, அதை உயர்த்திப் பிடித்தாள் எம் தலைவி.

பேராசிரியை வினவினார்: விடைபெறும் வேளையில், கதவுப் பிடியில் கைவைத்த பின்பு ஒருவர் புதிதாய்ப் பேச்செடுத்தால் என்ன செய்வாய்?

அக்கணம் அஜந்தினி ஆனாள் அனற்பிழம்பு! அடங்கிக் கிடந்த ஆற்றாமையெல்லாம் ஆற்றொழுக்கு ஜேர்மனாய்ப் பாய, “எல்லை காப்பேன்! முடிந்த நேரம் முடிந்த நேரமே! அவர் சொன்னது பெரிதாயினும், ‘அடுத்த சந்திப்பில் இதிலிருந்தே தொடங்குவோம்’ என்று புன்னகைத்து வழியனுப்புவேன். ஒருகாலும் மறுபடி அமரேன்!” என்று மேற்கோள்கள் சகிதம் பறையறைந்தாள். பேராசிரியை மெச்சினார். தேறினாள் அஜந்தினி, அதுவும் நல்ல புள்ளியில். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமி வெளியே வந்து, “நல்லாக் கதைச்சாய் பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்றாள்.

எல்லை காத்த ஏந்திழை, முடித்துவைப்பதில் முடிசூடியவள், மீண்டும் லேஸ் இறுக்கி, ஜக்கெற் பூட்டி, வெற்றித் திருமகளாய் நடந்து கதவுப் பிடியில் கைவைத்தாள்.

“பிள்ளை,” என்றாள் மாமி. வெண்கலக் குரலைக் காணவில்லை. “வாற வியாழன் எனக்குக் கண் ஒப்பரேசன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆசுப்பத்திரிக்காரர் டெனிஷிலை கேக்கிறதுக்கெல்லாம் நான் பயத்திலை ஓம், ஓம் எண்டு சொல்ல, மற்றக் கண்ணையும் வெட்டிப்போடுவாங்களோ தெரியேல்லை.”

அடுத்த சந்திப்பில் தொடங்குவோம் என்னும் மாமந்திரம், நூலோரால் வகுக்கப்பட்டு, பேராசிரியையால் மெச்சப்பட்டு, மை உலராப் புதுப் புகழோடு நாயகியின் நாநுனிவரை தேரேறி வந்து, கொடி உயர்த்தி, முரசதிர, அங்கேயே நின்றது.

அஜந்தினி சப்பாத்தைக் கழற்றினாள்.