வெண்டெலின் கோதுமைத் தொட்டியோடு பொருத படலம்

பசும்புனல் பெருகும் இன் என்னும் ஆற்றின் வளைவிலே, வாசர்பூர்க் என்னும் திருநகரில், மங்கிய விழியோர்க்கு ஒளி வழங்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் அதிபனும், புர்கி என்னும் நன்மங்கையின் கணவனும், முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் காய்ச்சிய பீரையே பருகிப் பொறுமை காத்தவனுமாகிய வெண்டெலின் வாழ்க. அவன் தோள் வாழ்க. அத்தோள் ஏந்திய மரத்துடுப்பும் வாழ்க.

அவன் போர்க்கோலம் பூண்டது ஒரு சொல்லால். புர்கியின் அண்ணன் க்விரின், ஊர் மதுவாலையில் இருபதாண்டு கொப்பரை காத்த கொற்றவன், ஞாயிற்று விருந்தில் அச்சொல்லை உதிர்த்தான்.

"டப்பால வர்ற பாகைக் கரைச்சுக் காய்ச்சிக்கோ மாப்ள, உனக்கு அது போதும். முழுத் தானியத்துல கோதுமை பீரா? சாறு வடியறதுக்கு வழிவிட கோதுமைக்கு உமி கிடையாது. அடைச்சுக்கும். கஞ்சிதான் மிஞ்சும்."

பொறுப்பானோ வீரன்? "இதே மேசைல என் பீரை நீ குடிப்பே மச்சான். இல்லேன்னா இனிமே பீரைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சூளுரைத்தான். பவேரிய நாட்டில் ஓர் ஆண்மகன் பீரைப் பற்றிப் பேசாதிருத்தல் நாவறுந்து வாழ்தலுக்கு நிகர் என்க.

சனிக்கிழமை புலர்ந்தது. இன்ன நாளில் இத்தனை லிட்டர் காய்ச்சுவேன் எனப் பீர் வரி தண்டும் சுங்க அலுவலகத்துக்கு முறைப்படி முன்னரே திருமுகம் விடுத்திருந்த வெண்டெலின், துணி துவைக்கும் நிலவறையில் களம் அமைத்தான். முளைகட்டி உலர்த்திய கோதுமை மூன்று கிலோவையும் பார்லி இரண்டு கிலோவையும், பகைவர் என்பை நொறுக்குவான்போல், மாவாகும்வரை அரைத்தான். பார்லிக்கிருந்த உமியும் பொடியாக, ஊழ் நகைத்தது அவ்விடத்தே. பின்னர் அவற்றை வெந்நீரில் பெய்து, அறுபத்து மூன்று பாகை, எழுபத்திரண்டு பாகை எனக் கோட்டைப் படியேறுவான்போல் வெப்பத்தை ஏற்றுங்கால், எழுந்த ஆவி அவன் கண்ணாடியை மறைக்க, ஊருக்கெல்லாம் பார்வை தந்தவன் வெப்பமானியைத் தடவித் தேடினான். வெண்பீங்கான் தட்டில் கூழ்த்துளியிட்டு அதன்மேல் அயோடின் சொட்டினான்; நீலம் பூக்கவில்லை. மாவெல்லாம் இனிப்பாயிற்று எனத் தெளிந்து, துளைத்தகடு பதித்த தொட்டியில் கூழைக் கவிழ்த்து, வெற்றிச் செருக்கோடு குழாயை முழுவதும் திறந்தான்.

ஒரு குவளை வடிந்தது. பின் நூலாயிற்று. பின் சொட்டாயிற்று. பின் அதுவுமில்லை.

அந்தோ, அக்கூழ் கூழன்று, அசையாப் பெருமலை. அதனை அவன் ரொட்டிக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் பிளந்தான், துடுப்பால் கலக்கினான், தொட்டியின் விலாவில் கைமடங்க அறைந்தான், முழங்காலிட்டுக் குழாயில் வாய்வைத்துச் சங்கூதுவான்போல் ஊதினான். தொட்டி ஒருமுறை ஏப்பம் விட்டது. வடியவில்லை. இனி விருந்துதோறும் வானிலையைப் பற்றியே பேசவேண்டிய வாழ்நாளின் எச்சம் அவன் அகக்கண்முன் நீண்டு கிடந்தது.

அவ்வேளை படிக்கட்டில் தோன்றினாள் புர்கி, இரு கையிலும் தன் தலையணையை ஏந்தி. அந்நாட்டுக் கழுத்துவலியர் பலரும் தலைசாய்க்கும், உமியோடு விளையும் பழங்கோதுமை இனத்தின் உமி அடைத்த தலையணை அது.

"உமிதானே வேணும்? இந்தா."

வீரன் துடுப்பைக் குறுக்கே நீட்டித் தடுத்தான். ஐந்நூறாண்டாக அந்நாட்டார் தலைமேல் தாங்கும் தூய்மை ஆணை, பீருக்கு நீர், முளைத் தானியம், கசப்பூட்டும் ஹாப்புப் பூ, ஈஸ்ட் என்னும் நான்கன்றி ஐந்தாவதை அறியாது.

"நாலுல தலையணை இல்ல புர்கி."

"இந்த ஓட்டைத் தகடு இருக்கா நாலுல? குழாய் இருக்கா? உமி தொட்டியோட நின்னுடும், வெண்டி. சீக்கிரம் பிரி. எனக்குத் துணி துவைக்கணும்."

கத்தரிக்கோல் மின்னிற்று, தலையணை வயிறு பிளந்தது, கொதிநீராடிய உமி கூழுள் புகுந்து கலந்தது. கால் மணி நேரம் கூழ் படியக் காத்து, குழாயைச் சிறிதே திறந்தான். பொன்னுருகி வழிவதுபோல் வழிந்தது இன்சாறு. அதனைக் கொதிக்கவைத்து, ஹாப்பிட்டு, ஆற்றி, ஈஸ்ட் தூவி, நொதித்தபின் புட்டிகளில் சிறைவைத்தான்.

ஐந்து வாரம் கடந்த ஞாயிறு. நண்பகல் மணி ஒலிக்குமுன் வெள்ளைத் தொத்திறைச்சி ஆவி பறக்க, நெடுங்குவளையில் வெண்ணுரை முடிசூடி நின்றது கோதுமை பீர். க்விரின் அதனைக் கையிலெடுத்தான். வாய்மூடி இருந்தால் வெற்றி. ஆயினும் வெண்டெலின் மரபு அதுவன்று.

"ஒரு நிமிஷம் மச்சான். நீ சொன்ன மாதிரி அடைச்சுக்கிச்சு. புர்கி தலையணையைப் பிரிச்சு உமியைப் போட்டப்புறம்தான் வடிஞ்சுது. அதனால வேணாம்னா வெச்சிடு."

காற்று நின்றது, இன் ஆறு தன் வளைவிலே தயங்கிற்று, ஐந்நூறாண்டு மதுவாலையரின் ஆவிகளெல்லாம் சாளரத்தில் வந்து செவிசாய்க்க, க்விரினின் குரல்வளை ஏறி இறங்குவதையே உலகின் முடிவென நோக்கி நின்றான் வெண்டெலின், திறப்பதா மூடுவதா என்று அறியாத வாயோடு.

க்விரின் குவளையைப் பாதி காலி செய்து, "குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடுகுச் சாந்தைத் தன் பக்கம் தள்ளச் சொன்னான்.