பின்வாங்காத வீரம்மாவின் குளக்கட்டுப் பெரும்போர்

ஸ்கந்தபுரத்து வயல்வெளிகளே, செவி சாய்ப்பீர்! வாய்க்கால்களே, சலசலப்பைச் சற்றே நிறுத்துவீர்! ஒற்றைக்காலில் நின்று உறங்கும் கொக்குகளே, மற்றக் காலையும் ஊன்றிக்கொள்வீர்! நிலக்கடலைத் தோட்டத்துப் பேரரசியும், ஐம்பத்திரண்டு மாரிகளை நனைந்தே கடந்தவளும், முப்பத்தெட்டு வயதான ஒரு பழைய ஜீப்பை இடக்கையால் அதட்டி வலக்கையால் திருப்பி ஆள்பவளுமாகிய வீரம்மா, தை மாதத்து ஞாயிறு ஒன்றில், முற்பகல் வேளையில், குளக்கட்டின் மேல் ஆற்றிய அரும்போரை இனி உரைக்கப் புகுகின்றோம்.

பின்வாங்காதவள் என்பது அவளுக்கு ஊர் சூட்டிய பட்டம். கமக்காரர் கூட்டத்தில், தன் வயலுக்குத் தண்ணீர் திறக்கப்படும் நாளை வாயால் சொல்லும் வரை கதிரையை விட்டு எழாமல் நான்கு மணி நேரம் இருந்து, எழுதப்படாத ஒரு சட்டத்தையே மாற்றியவள் அவள். தெருவிலும் அவ்வாறே. எதிரே பேருந்து வந்தாலும், மணல் ஏற்றிய டிப்பர் வந்தாலும், வீரம்மாவின் ஜீப் ஓர் அங்குலமும் பின்னே போனதை மூன்று ஆண்டுகளாக எவரும் கண்டதில்லை. அந்தப் புகழின் ஒரு பாதி அவளது நெஞ்சுரத்தால் விளைந்தது. மற்றப் பாதி கியர்பொக்ஸால் விளைந்தது.

அந்தக் கியர்பொக்ஸின் பெருமையை எந்நாவால் உரைப்போம்! முதலாம் கியர், கிளச்சை இருமுறை மிதித்து வணங்கினாலன்றிக் கதவு திறவாத வாயிற்காவலன். இரண்டாம் கியர், விழும்போதெல்லாம் பல்லோடு பல் உரசிக் 'கரக்' என்று முழங்கி, அரைக் கட்டைத் தூரத்துக்கு அப்பாலுள்ள நாய்களையும் எழுப்பிவிடும் போர்ப்பறை. மூன்றாம் கியரோ நயவஞ்சகன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுவான், நல்லபிள்ளைபோல் இருப்பான், பள்ளம் ஒன்றில் வண்டி குலுங்கிய கணமே துள்ளி வெளியே பாய்ந்து, பெருமுழக்கமிடும் இயந்திரத்தையும் நகராத சக்கரங்களையும் நடுத்தெருவில் கைவிடுவான். நான்காம் கியர் சான்றோன். அவனிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனைக் காண வேண்டுமானால் ஏ-ஒன்பது பெருவீதி வரை போக வேண்டும். இவர்கள் அனைவருக்கும் அடியில், கியர் எண்ணெய் துளித்துளியாய்க் கசிந்து, ஜீப் நின்ற இடமெல்லாம் கரிய பொட்டு இட்டுச் சென்றது.

ரிவர்ஸ் கியர் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே துறவு பூண்டுவிட்டது.

"பல்லுத் தேஞ்சு போச்சு, அக்கா. கழட்டித்தான் பாக்கவேணும். ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ," என்று கிளிநொச்சிக் கராஜில் மெக்கானிக் ரஜிதன் கைகூப்பாத குறையாக வேண்டினான்.

விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று வரிசைகட்டி நின்ற வேலைகளிடையே ஏழு நாள் எங்கே கிடைக்கும்? வீரம்மா திருவாய் மலர்ந்தாள். "முன்னுக்குப் போகுதுதானே, தம்பி? அது காணும்."

அன்றுமுதல் அவள் தன் வாழ்வையே முன்னோக்கி அமைத்துக்கொண்டாள். நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு படலை இல்லாத வளவுக்குள் அவள் நுழைந்ததில்லை. கோயிலுக்குப் போனால் வீதியை முழுதாய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினாள்; அதைக் கண்டவர்கள் பக்தி என்றார்கள். இந்த இரகசியத்தை அறிந்தோர் இருவரே. ஒருவன் ரஜிதன். மற்றவன் அவள் கணவன் பழனியாண்டி. மூன்றாம் கியர் விழுந்ததும் அதன் தடியை இரு கைகளாலும் இறுகப் பற்றி, துள்ளவிடாமல் அமுக்கிப் பிடிப்பது அவன் திருப்பணி. அவள் ஓட்டினாள், அவன் பிடித்தான். அயலில் இதைவிட ஒற்றுமையாய் ஓடிய குடும்பம் வேறில்லை.

அத்தகைய ஜீப், அன்று ஒரு திருமணத்தைச் சுமந்து சென்றது. வீரம்மாவின் தம்பி ரூபனுடைய மகள் நிசாந்தினிக்குக் கலியாணம். முகூர்த்தம் பத்துப் பன்னிரண்டிலிருந்து பதினொன்று இருபத்துநான்கு வரை. அக்கராயன் பக்கத்தில் காலையிலேயே ஒரு குடிபுகுதலை முடித்துவிட்டு வரும் ஐயரைக் கூட்டிவரும் பொறுப்பை வீரம்மா தானாகவே தலைமேற்கொண்டிருந்தாள். "மாமி, நீங்கள் வந்துதான் தாலி கட்டுறது. அதுக்கு முன்னம் நான் கழுத்தை நீட்ட மாட்டன்," என்று மணமகள் சொல்லியிருந்தாள். பெண்பிள்ளை இல்லாத வீரம்மாவுக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது.

குடிபுகுதல் நீண்டுபோயிற்று. வைகறை மூன்று மணிக்கே எழுந்திருந்த ஐயர், பின்சீற்றில் ஏறி அமர்ந்ததும், அணைத்து வைத்த கைப்பேசியை மடியில் செருகியபடியே கண்ணயர்ந்தார். மணி பத்தரை. வீரம்மா குறுக்குவழியாகிய குளக்கட்டில் ஜீப்பை ஏற்றினாள். வணங்கி முதலாம் கியர், முழக்கி இரண்டாம் கியர், ஏமாற்றி மூன்றாம் கியர். பழனியாண்டி தடியைப் பற்றினான்.

அப்போது அவன் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது.

"போனை எடுங்கோ," என்றாள் வீரம்மா.

"எடுத்தால் இதை ஆர் பிடிக்கிறது?"

"அப்ப விடுங்கோ, அடிக்கட்டும்."

கைப்பேசி ஏழுமுறை அடித்து ஓய்ந்தது. அந்த ஏழு அழைப்புகளும் கலியாண வீட்டிலிருந்து வந்தவை என்பதையும், ஏழாவதும் வீணானபோது "ஜீப் எங்கையோ பழுதாகி விழுந்திட்டுது" என்று ரூபன் தலையில் கைவைத்ததையும், அதைக் கேட்டு ஒரு வீரன் அங்கே துள்ளியெழுந்ததையும் நம் தலைவி அறியாள்.

ஒருபுறம் தளும்பி நிற்கும் குளம். மறுபுறம் தலை சாய்ந்த நெல். நடுவே ஒரே வண்டி செல்லும் செம்மண் கட்டு. அதன் பாதித் தொலைவில், எதிரே, மாவிலை கட்டிய நெற்றியோடு, வானைப் பிளக்கும் ஓசையோடு, வாழைக்குலை ஏற்றிய தடம் இன்னும் ஈரமாயிருந்த வெறும் பெட்டியைப் பின்னே இழுத்துக்கொண்டு, ஓர் உழவு இயந்திரம் மதயானையெனத் தோன்றியது. அதன் மேல் பட்டுவேட்டியை முழங்கால்வரை மடித்துக் கட்டிய இளைஞன் ஒருவன் வீற்றிருந்தான்.

இரு வண்டிகளும் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாய் நின்றன. ஜீப்பின் கோர்ன் நோயுற்ற ஆட்டுக்குட்டிபோல் கத்தியது. உழவு இயந்திரம் கரும்புகையை உமிழ்ந்து விடையிறுத்தது. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் வரிசையாய் அமர்ந்து சிறகுகளை விரித்துப் போர் காணலாயின.

"தம்பி, பின்னாலை எடும்!" என்று முழங்கினாள் வீரம்மா.

"அன்ரி, நீங்கள் எடுங்கோ! நான் அவசர அலுவலாப் போறன்!"

"எங்களுக்கும் அவசரம்தான்!"

"என்ரை அவசரம் உங்களுக்கு விளங்காது!"

வீரம்மா இருக்கையில் நிமிர்ந்தாள். கட்டின் இரு மருங்கும் கேட்குமாறு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தன் மெய்க்கீர்த்தியைத் தானே ஓதினாள். "இந்த ஊரிலை நான் ஒருத்தருக்கும் பின்னுக்கு எடுத்ததில்லை. போய்க் கேட்டுப் பாரும்!"

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதை எண்ணிப் பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

இளைஞன் அசையவில்லை. வீரம்மாவும் அசையவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. இரு பெரும் சேனைகள் ஆற்றைக் கடக்க அஞ்சி எதிரெதிரே பாசறை அமைத்ததுபோல், இரு இயந்திரங்களும் உறுமிக்கொண்டே நின்றன. ஜீப்பின் கீழே கரிய பொட்டு ஓர் அகல் அளவுக்கு விரிந்தது. பின்சீற்றில் ஐயர் மெல்லக் குறட்டை விட்டார். வீரம்மாவின் மனம் முகூர்த்தத்தை நிமிடம் நிமிடமாய் எண்ணியது. ஆனால் முகத்தில் அதைக் காட்ட அவள் பழகியவளல்லள்.

ஈற்றில் பொறுமையிழந்த இளைஞன் உழவு இயந்திரத்தின் மூக்கின் மேல் ஏறி நின்று, இரு கைகளையும் விரித்து, குளமே அதிரக் கூவினான். "அங்கை பொம்பிளை மணவறையிலை இருக்கிறா! ஐயர் இல்லாமல் எல்லாரும் முழிச்சுக்கொண்டு நிக்கினம்! நான் ஐயரை ஏத்தப் போறன்! விடுங்கோ வழியை!"

குறட்டை நின்றது. ஜீப்பின் பக்கத் திரை விலகிற்று. திருநீறு கலைந்த ஒரு தலை வெளியே நீண்டது.

"எந்தக் கலியாணம், தம்பி?"

"ரூபன் அண்ணையின்ரை மகளின்ரை."

"அந்த ஐயர் நான்தான்."

நீர்க்காகம் ஒன்று சிறகை மடித்தது. இளைஞன் கீழிறங்கி வந்து, ஐயரைப் பார்த்து, வீரம்மாவைப் பார்த்து, மீண்டும் ஐயரையே பார்த்தான். அவன் பெயர் கிருபன். மாப்பிள்ளையின் மச்சான். நாயாற்றுக் கடற்கரையிலிருந்து அதிகாலை வந்திறங்கியவன். எல்லாரும் கைபிசைந்து நின்றபோது, பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தில் தாவி ஏறி, பெட்டியைக் கழற்றவும் பொறுக்காமல் புறப்பட்டு வந்திருந்தான்.

மணி பத்து ஐம்பத்தொன்று.

"அப்ப அன்ரி," என்றான் கிருபன் பணிவோடு, "நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. அந்தத் துருசடியிலை கட்டு அகலமாக் கிடக்கு. அங்கை ஒதுங்கினீங்களெண்டால் நான் கடந்து போறன்."

மதகு இருந்த அந்தத் துருசடி ஜீப்புக்குப் பின்னே அறுபது அடி தூரம். வீரம்மாவுக்கு அது அறுபது காதம்.

"உமக்குப் பின்னாலை அகலமான இடம் இல்லையோ?"

"இருக்கு... ஆனால்..." என்று தொடங்கிய கிருபன், பின்னே நின்ற பெட்டியை, பிறர் வீட்டுக் காளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஆகவே தலைவி மூன்றாண்டுத் துறவியைத் தவம் கலைக்க முனைந்தாள். கிளச்சை அடித்தளம் வரை மிதித்துத் தடியை இழுத்தாள். 'கர்ர்ரக்க்' என்று எழுந்த ஓலத்தில் நீர்க்காகங்கள் அனைத்தும் பறந்தன. இரண்டாம் படையெடுப்பில் இயந்திரத்தை நிறுத்தினாள். ஓசையடங்கிய அந்த வேளையில், என்ன வியப்பு, தடி தானாகவே ரிவர்ஸில் போய் அமர்ந்தது! கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினாள். ஜீப் முனகிற்று, உதறிற்று, ஒரு சாண் பின்னே நகர்ந்தது. மூன்றாண்டில் முதல் சாண்! "போகுது! போகுது!" என்று பழனியாண்டி கண்கலங்கி ஆர்ப்பரித்தான். மறுகணம் தடி துள்ளிப் பாய்ந்து அவன் முழங்காற்சில்லைத் தாக்கி நடுவில் போய் நின்றது. மூன்றாம் முறை தடி அசையவே இல்லை.

வீரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். குளக்கட்டில் காற்றின் ஓசை மட்டும் கேட்டது. மணவறையில், வாசலையே பார்த்தபடி, கழுத்தை நீட்ட மாட்டேன் என்று பிடிவாதமாய் இருக்கும் ஒரு பெண்ணை அவள் நினைத்தாள். நான்கு மணி நேரம் கதிரையில் இருந்ததைவிட, ஜீப்பின் கதவைத் திறந்து கீழே காலை வைப்பது அவளுக்குக் கடினமாயிருந்தது.

"தம்பி," என்றாள், செம்மண்ணைப் பார்த்தபடி. "எனக்கு ரிவர்ஸ் இல்லை."

"என்ன, அன்ரி?"

"ரிவர்ஸ் விழாது. மூண்டு வருசமா விழாது. ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது."

கிருபன் தன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "அன்ரி, எனக்கு ரிவர்ஸ் இருக்கு. ஆனால் பெட்டியோடை பின்னுக்குப் போகத் தெரியாது. நான் ஒரு பக்கம் திருப்ப, அது மற்றப் பக்கம் போகுது. நான் போட் ஓடுறனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் யாரென்று சொல்வதற்கில்லை. பழனியாண்டி முழங்காலைத் தடவியபடியே சிரித்தான். சிரிக்காதவர் ஐயர் ஒருவரே. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, தள்ளுறதுக்கும் நேரம் பாக்கவேணுமோ?" என்று கேட்டான் பழனியாண்டி.

"இப்ப ராகுகாலம் இல்லை. தள்ளுங்கோ."

ஓ, அக்காட்சியை என்னென்பது! ஸ்டியரிங்கைப் பற்றித் தலையைப் பின்னே திருப்பியபடி வீரம்மா. ஜீப்பின் நெற்றியில் தோள் கொடுத்து, பட்டுவேட்டி செம்மண்ணில் புரள, கடலில் தோணி தள்ளிப் பழகிய கிருபன். இடப்புறம் நொண்டியபடி பழனியாண்டி. நடுவே, வேதம் ஓதிய வாயால் "ஏலோ ஏலோ" என்று தாளம் கொடுத்து மார்பால் உந்தும் ஐயர். பின்சக்கரம் ஒன்று நீரோரத்து மண்ணைச் சரித்தது. "வலத்தாலை! வலத்தாலை!" என்று மூவரும் அலறினர். வீரம்மா உதட்டைக் கடித்துத் திருப்பினாள். மூன்றாண்டுகளாய்ப் பின்வாங்காத ஜீப், அடி அடியாய், அங்குலம் அங்குலமாய், அறுபது அடியும் பின்வாங்கித் துருசடியில் ஒதுங்கிற்று. உழவு இயந்திரம் அருகே உரசிக் கடந்து, திரும்புவதற்கு ஒரு வயல் வாசலைத் தேடி அக்கராயன் வரை நேராகவே போயிற்று.

பதினொன்று பதினாறுக்கு ஜீப் கலியாண வீட்டை அடைந்தது. பதினொன்று இருபத்திரண்டுக்கு, வீரம்மா பக்கத்தில் வந்து நின்ற பிறகே, நிசாந்தினி கழுத்தை நீட்டினாள். தாலி ஏறியது. ஐயரின் மார்பில் ஜீப்பின் நெற்றிக் கம்பி இரண்டு செம்மண் கோடாய்ப் பதிந்திருந்ததை வீடியோக்காரன் தவறாமல் எடுத்துக்கொண்டான்.

"என்னக்கா இவ்வளவு நேரம்?" என்று ரூபன் ஓடிவந்தான். மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரயர் பஞ்சர்..." என்று பழனியாண்டி தொடங்கினான்.

வீரம்மா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். "ரயர் இல்லை. ரிவர்ஸ் இல்லை. மூண்டு வருசமா இல்லை. ஐயரும் இவரும் அந்தப் பெடியனும் சேர்ந்து பின்னாலை தள்ளினவை."

 பந்தலில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. "கதை அளக்கிறா, கதை!" என்று கிழவர்கள் தொடையில் தட்டினார்கள். "வீரம்மா பின்வாங்கினவாவாம்!" என்று பெண்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். தன் வாழ்நாளின் மிகப் பெரிய உண்மையை உலகறிய உரைத்தும், அதை நம்ப ஓர் உயிர் இல்லாத பெருமாட்டியாய் அவள் பந்தல் நடுவே நின்றாள். அவளது புகழோ, யாராலும் தடுக்க முடியாததாய், முன்னிலும் ஒரு முழம் ஓங்கி வளர்ந்து, வாழைமரங்களைக் கடந்து, வயல்களைக் கடந்து, குளத்தையும் கடந்து திசையெங்கும் பரந்துகொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் பருப்புக்கு உப்புப் போதவில்லை.