ஸ்காட்லாந்துத் துரைக்கு நான் வைத்த படையல்

உயிரோடிருப்பவர்களின் மானத்தை வாங்குவது எல்லோருக்கும் கைவந்த கலை. நான் ஒருபடி மேலே போய், புதைத்து ஆறு வருஷமான ஒரு துரையின் மானத்தை வாங்கியவன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். மலாயாவில் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். (வள்ளி காத்திருப்பாள். மாமாதான் மாட்டார்.) அந்த நேரம் பார்த்து, எங்கள் தோட்டத்திலேயே இறந்துபோன பழைய துரையின் அக்காள், கல்லறையைப் பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. புதிய துரை என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் மரியாதையாக இருக்கட்டும். அப்புறம் உன் வேலையைப் பற்றிப் பேசலாம்."

செத்தவருக்கு மரியாதை என்றால் நமக்குத் தெரிந்தது படையல்தானே? பழைய துரைக்குச் சமைத்துப் போட்ட முனியம்மாவிடம் ஓடினேன்.

"அக்கா, அவருக்கு என்னென்ன பிடிக்கும்?"

"பிராந்தி, சுருட்டு, நல்லா காரமா நெத்திலிச் சம்பல். சீட்டுக்கட்டு இல்லாட்டி அவருக்குச் சோறே இறங்காது தம்பி."

ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்தேன். சிலுவைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தலைவாழை இலையில் எல்லாவற்றையும் பரப்பி, ஊதுவத்தி கொளுத்திவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

கறுப்பு உடையில் அம்மையார் வந்தார். இலையையே பார்த்தார்.

"இதெல்லாம் என்ன?"

புதிய துரை கண்ணால் ஏதோ சாடை காட்டினார். சாடை புரிகிற ஆளாக இருந்தால் நான் ஏன் இந்தக் கதையை எழுதுகிறேன்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உங்கள் தம்பிக்குப் பிடித்தவை, அம்மா. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை!" என்றேன்.

அம்மையார் ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். அவர்கள் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் குடும்பக் கல். பாதிரியார் அப்பா, நீதிபதி தாத்தா, பள்ளிக்கூடம் கட்டிய பெரியப்பா என்று ஊர்ப் பெரிய மனிதர்களின் வரிசை. கடைசியில் தம்பியின் பெயர். அதன் கீழே, 'வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்.'

அலமாக்! வேலை போச்சு, வள்ளியும் போச்சு. துரையின் முகம் சம்பலைவிடச் சிவந்திருந்தது.

"குடிகாரனுக்கு ஏன் இவ்வளவு செய்கிறீர்கள்?" என்று அம்மையார் மெதுவாகக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்த முனியம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"நாங்க குடியிருக்கிற லயமே காய்ச்சல்ல கெடந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்க. இவருதான் வீடு வீடா வந்து கஞ்சி ஊத்துனாரு. அந்தக் காய்ச்சல்லயே போயிட்டாரு. குடிச்சா என்னாலா?"

அப்படியே மொழிபெயர்த்தேன். அம்மையார் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ரத்த சொந்தம் மொதல்ல வாயில வைக்கணும்லா. அப்புறந்தான் நாங்க தொட முடியும்" என்றாள் முனியம்மா. இனி இழக்க என்ன இருக்கிறது? அதையும் மொழிபெயர்த்தேன். அம்மையார் சம்பலை வாயில் வைத்தார். பிராந்தியில் ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் கொட்டியது. (சம்பலாலா, தம்பியாலா என்று நான் கேட்கவில்லை.)

"இவர்களுக்குத்தான் என் தம்பியைத் தெரிந்திருக்கிறது" என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. பிறகு வந்த கடிதத்தில் புதிய புகைப்படம் ஒன்று. அவர்கள் ஊர்க் குடும்பக் கல்லில் பழைய வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, 'நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றியவர்' என்று வெட்டியிருந்தார்கள்.

இன்றும் வள்ளி பிள்ளைகள் முன்னால் கேட்பாள், "உங்க படையல் இலையில என்னங்க வைக்கிறது? உண்மையை இப்பவே சொல்லிடுங்க."

"காப்பி, வடை" என்பேன் நான். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்தால், அலமாரிக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருக்கும் புட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.