மாளவிகாவின் வரனைப் பச்சையாகக் காட்டிய கம்ப்யூட்டர்

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு,

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து உன் சித்தப்பா சுவாமிநாதன் எழுதுவது. ஆசீர்வாதத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், திட்டு முதலில். இங்கே நானும் உன் சித்தியும் க்ஷேமமாக இல்லை. காரணம் நீ.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்தவன் இரண்டு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, உலகமே சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிறது என்று சொல்லி லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனாய். நேற்று, உன் தங்கை மாளவிகாவுக்கு வந்திருக்கும் நியூஜெர்ஸி வரனின் அப்பா, பிள்ளையின் போட்டோவை ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு திருவான்மியூரிலிருந்து வந்தார். வெள்ளிக்கிழமையாயிற்றே, ராகுகாலம் முடியட்டும் என்று பன்னிரண்டு மணி வரை காபி மேல் காபியாகக் கொடுத்து அவரை உட்கார வைத்தோம். உன் சித்தி மானிட்டருக்குக் குங்குமம் இட்டாள். பாவம், மாளவிகாதான் மவுஸைப் பிடித்தாள். திரையில் என்ன வந்தது தெரியுமா? ஒரு நெற்றி. நெற்றி மட்டும்! மவுஸைக் கீழே இழுத்தால் மூக்கு வருகிறது, நெற்றி போய்விடுகிறது. இன்னும் இழுத்தால் மோவாய். முழு முகமாகச் சேர்ந்து வரவே இல்லை. அதுவும் பச்சை நிறத்தில். "ஏன்னா, பிள்ளை பாசி பிடிச்சாப்பல இருக்கானே!" என்று உன் சித்தி வாய்விட்டுச் சொல்ல, அவர் எழுந்துவிட்டார். "என் பிள்ளை ரோஜாப்பூ கலர். உங்காத்து டப்பாவுக்குத்தான் வியாதி. அடுத்த வெள்ளிக்குள்ள பதில் சொல்லுங்கோ!" மூன்றாவது காபியைத் தொடாமலே, ஃப்ளாப்பியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் நானே சரிசெய்ய உட்கார்ந்தேன். ரெசல்யூஷன் என்ன, கார்டு என்ன என்று கேட்டுக்கொண்டே வந்து, மானிட்டரின் கிடைமட்டக் கணக்கையும் செங்குத்துக் கணக்கையும், ஏதோ ஹெர்ட்ஸாம், தப்பாகச் சொன்னால் மானிட்டரே புகைந்துபோகும் என்று மிரட்டுகிறது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த ஆபீசரும் என்னை இப்படி மிரட்டியதில்லை. உன் சித்தியின் தையல் டேப்பால் திரையை அங்குலக் கணக்கில் அளந்து பத்தரை, எட்டு என்று போட்டேன். திரை கருத்துவிட்டது, இருந்த நெற்றியும் போயிற்று. ஒரு நல்ல வரன் உன்னால் கை நழுவப் பார்க்கிறது. கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்து, பழையபடி இருந்ததைப் பழையபடி வைத்துவிட்டுப் போ.

மற்றபடி நீ நீண்ட ஆயுளோடு சௌக்கியமாக இரு. இதைச் சரிசெய்துவிட்டு இரு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் சித்தப்பா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மாளவிகா வந்து படித்தாள். "அண்ணாவைத் திட்டாதீங்கோப்பா" என்று உட்கார்ந்து, ஏதோ நாலு வரியை மாற்றினாள். முழு முகமும் வந்துவிட்டது. பையன் ராஜா மாதிரி இருக்கிறான், ரோஜாப்பூ கலரேதான். இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "அண்ணா சொல்லிக்கொடுத்துட்டுப் போனதுலேர்ந்து. கெடுத்து வெச்சதும் நான்தான். அமெரிக்கா வேண்டாம்னு மூணு தரம் சொன்னேன், நீங்க காதுலயே போட்டுக்கலையேப்பா" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருவான்மியூருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வரவேண்டாம். உன் சித்திக்கு மட்டும் முழு முகத்தைக் காட்டவில்லை. பையன் பச்சை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும்.